முப்பது ஆண்டு தாமதித்து வரும் மரணங்கள்

பெருநகரங்களின் இறப்புப் பதிவேடுகளில் வைரஸ் கல்லீரல் அழற்சி, அதாவது ஹெபடைட்டிஸ், எவ்வாறு பதிவாகிறது என்பது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். புதிய தொற்றுகள் குறைந்துவந்த காலத்திலும் மரணங்கள் பல ஆண்டுகள் ஏறிக்கொண்டே போய், பிறகுதான் இறங்கத் தொடங்கின என்று அதில் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். சொந்தக் குடும்ப நிகழ்வுகளை எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: தொற்று குறைந்தால் மரணமும் குறையவேண்டும் அல்லவா? இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வது எப்படி?

பதில்: காய்ச்சல் வகை நோய்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது முரண்பாடாகத்தான் தோன்றும். அந்த நோய்களில் தொற்றுக்கும் மரணத்துக்கும் இடையே சில வாரங்களே இருப்பதால் ஒன்று குறைந்தால் மற்றொன்றும் உடனே குறைகிறது. இந்த அழற்சியின் வகைகளில் ஒன்றான ஹெபடைட்டிஸ் சி அப்படிப்பட்டதன்று. இந்த வைரஸ் உடலில் புகுந்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே அதை வென்றுவிடுகிறார்கள். எஞ்சிய 70 விழுக்காட்டினரின் உடலில் அது தங்கிவிடுகிறது. தங்கிய பிறகு காய்ச்சலோ வலியோ மஞ்சள் காமாலையோ காட்டாமல், கல்லீரலில் சிறுசிறு வடுக்களை ஏற்படுத்திக்கொண்டே இருக்கிறது. அவ்வாறு தங்கியவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் முழுவதும் வடுவேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நோய் உண்டாகிறது. வயிற்றில் நீர் கோப்பதும், உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக் குழாய்கள் வெடித்து ரத்த வாந்தி எடுப்பதும், கல்லீரல் புற்றுநோயும் அதன் பிறகே வருகின்றன.

ஆகவே இந்த ஆண்டு ஒரு நகரத்தில் பதிவாகும் மரணத்தின் தொடக்கம், 1980-களில் ஓர் அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றப்பட்ட ரத்தத்திலோ, ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்கும் போட்ட ஊசியிலோ இருக்கலாம். அக்காலத்தில் அந்த வைரஸுக்குப் பெயர்கூடக் கிடையாது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வரும் அழற்சி ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என்பதை ஹார்வி ஆல்ட்டர் 1970-களில் காட்டினார். 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் வைரஸை அடையாளம் கண்டனர். அந்த வைரஸ் மட்டுமே நோயை உண்டாக்கப் போதுமானது என்பதைப் பின்னர் சார்லஸ் ரைஸ் நிறுவினார். மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. தானமாகப் பெறும் ரத்தத்தைச் சோதிக்கும் முறை அமெரிக்காவில் 1990-இல் தொடங்கி, 1992-இல் மேலும் நுட்பமானதாயிற்று. புதிய தொற்றுகளின் ஒரு பெரிய வாயில் அன்றே அடைபட்டது. ஆனால் ஏற்கெனவே தொற்றியிருந்தவர்களின் கல்லீரலுக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அது ஓடி முடிந்த காலத்தை அமெரிக்காவின் எண்களில் தெளிவாகக் காணலாம். 2007-ஆம் ஆண்டில் ஹெபடைட்டிஸ் சி குறிக்கப்பட்ட இறப்புகள் 15,106, எச்.ஐ.வி. குறிக்கப்பட்டவை 12,734. அந்நாட்டில் எச்.ஐ.வி. மரணங்களை ஹெபடைட்டிஸ் சி முந்திச் சென்றது அப்போதுதான். அந்தக் கோடு மேலும் ஏறி 2014-இல் 19,659-ஐத் தொட்டது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 1945-க்கும் 1965-க்கும் இடையே பிறந்த ஒரே தலைமுறையினர்.

பிறகு ஏன் இறங்கியது? 2013-ஆம் ஆண்டின் இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்பிருந்த இன்டர்ஃபெரான் சிகிச்சையில் பலர் ஏறத்தாழ ஓராண்டு வாரந்தோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. காய்ச்சலும் மனச்சோர்வும் அவர்களை வாட்டின. அவ்வளவையும் பொறுத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே குணமடைந்தார்கள். இப்போது 8 முதல் 12 வார மாத்திரைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். மருத்துவ வரலாற்றில் ஒரு நாட்பட்ட வைரஸ் நோயை மாத்திரையால் முற்றாக நீக்க முடிந்தது இதுதான் முதல் முறை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இறந்துபோனவர்களை நினைத்து வருத்தமும் சேர்ந்தே வருகின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தகைய நோயில் மரணக் கோடு இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நோயுற்றவர்கள் குணமாவதால் இறங்கலாம். அந்தத் தலைமுறையில் இறக்கவேண்டியவர்கள் இறந்து முடிந்துவிட்டதாலும் இறங்கலாம். வரைபடத்தில் இரண்டும் ஒரேபோலத்தான் தெரியும். எத்தனை பேருக்குச் சிகிச்சை தரப்பட்டது என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு நகர நிர்வாகம் இறங்குமுகத்தைத் தன் சாதனையாகக் கூறிக்கொண்டால், அதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: என் தந்தை கல்லீரல் புற்றுநோயால் காலமானார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பதாகக் கூறியிருந்தார்கள். இறப்புச் சான்றிதழில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் எழுதும் கணக்கில் அவர் வருவாரா?

பதில்: பெரும்பாலும் வரமாட்டார், அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இந்தப் பகுதியை எழுதத் தொடங்கியதற்கான காரணமே என் முன் நிற்பதுபோல் இருந்தது.

இறப்புச் சான்றிதழில் காரணத்தை ஒரு சங்கிலியாக எழுதவேண்டும் என்பது முறை. உடனடிக் காரணத்தை முதல் வரியில் எழுதி, அது எதனால் வந்தது, அதுவும் எதனால் வந்தது என்று கீழே இறங்கிச் சென்று, அடிப்படைக் காரணத்தில் முடிக்கவேண்டும். உங்கள் தந்தையின் சான்றிதழ் முறைப்படி எழுதப்பட்டிருந்தால் கல்லீரல் செயலிழப்பு, கல்லீரல் புற்றுநோய், நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி என்று மூன்று வரிகள் இருந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு, குடும்பத்தார் வெளியே காத்திருக்க, நோயாளியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த இளம் மருத்துவர் எழுதும் சான்றிதழில் முதல் இரண்டு வரிகளோடு பேனா நின்றுவிடுகிறது. நானும் அவ்வாறு எழுதியிருக்கிறேன். அந்த மூன்றாவது வரியின் மதிப்பு எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

எழுதப்பட்டதை எண்ணும் முறையும் இழப்பைக் கூட்டுகிறது. உலக நாடுகள் பயன்படுத்திவரும் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் வைரஸ் கல்லீரல் அழற்சிக்கு பி15 முதல் பி19 வரையிலான குறியீடுகள் உள்ளன. கல்லீரல் புற்றுநோய்க்கு சி22. கல்லீரல் இறுக்கத்துக்கு, அதாவது சிரோசிஸுக்கு, கே74. (இந்த எழுத்துகளுக்கும் ஹெபடைட்டிஸ் வகைகளின் பெயர்களுக்கும் தொடர்பில்லை.) மூன்றும் வேறுவேறு அத்தியாயங்கள். ஓர் இறப்புக்கு ஓர் அடிப்படைக் காரணம் என்று மட்டும் எண்ணும் நகரத்தில், வைரஸ் கொன்ற ஒருவர் புற்றுநோய்ப் பட்டியலுக்கோ செரிமான மண்டல நோய்ப் பட்டியலுக்கோ சென்றுவிடுகிறார். தொற்றுநோய்ப் பட்டியலைப் பார்க்கும் அதிகாரிக்கு நகரம் நலமாகவே தெரிகிறது.

இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் சி இருப்பது மருத்துவ ஆவணங்களில் உறுதியாகி, பின்னர் இறந்துபோனவர்களின் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தபோது, 19 விழுக்காட்டில் மட்டுமே அந்த நோயின் பெயர் எங்கேனும் இருந்தது. மற்றவர்களின் இறப்புகள் எல்லாமே வைரஸால்தான் நேர்ந்தன என்று கொள்ள முடியாது என்றாலும், அவ்வாறு இறந்தவர்களில் பெரும்பான்மையோரிடம் நாட்பட்ட கல்லீரல் நோயின் அறிகுறிகள் முன்பே பதிவாகியிருந்தன. அச்சில் வரும் எண் உண்மையின் ஒரு பகுதியே என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதன் அடிப்படை இதுதான்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. ஹெபடைட்டிஸ் உறுதியானவர்களின் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். நியூயார்க் நகர சுகாதாரத் துறை 2000 முதல் 2011 வரையிலான இறப்புகளுக்கு இதைச் செய்தது. ஹெபடைட்டிஸ் சி உடையவர்கள் அது இல்லாத மற்ற நகரவாசிகளைவிட மிக இளம் வயதில் இறப்பதும், அதனுடன் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தவர்கள் இன்னும் முன்னதாகவே இறப்பதும் அதில் வெளிப்பட்டன. சான்றிதழை மட்டும் நம்பியிருந்தால் இந்த வயது வேறுபாடு முழுமையாகத் தெரிந்திருக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஹெபடைட்டிஸ் பி ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பது வழக்கம். நீங்களும், உங்கள் தாயாரும், உடன்பிறந்தவர்களும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையைத் தயவுசெய்து செய்துகொள்ளுங்கள். தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். தொற்று உள்ளவர்களை இப்போதே கண்காணிப்பில் வைத்தால், உங்கள் தந்தைக்கு நேர்ந்ததைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

கேள்வி: ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகைகள் உள்ளனவே. மரணம் எல்லாவற்றாலும் வருகிறதா?

பதில்: வரலாம், ஆனால் எண்ணிக்கையில் பி, சி இரண்டுமே பெரும்பங்கு. 2022-இல் உலகெங்கும் வைரஸ் கல்லீரல் அழற்சியால் 13 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 83 விழுக்காடு பி வகையாலும் 17 விழுக்காடு சி வகையாலும் நேர்ந்தவை. ஏ, இ இரண்டும் அசுத்தமான நீர், உணவு வழியாகப் பரவி, பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடுகின்றன. இ வகை, கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் உயிராபத்தாக மாறக்கூடியது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. டி வைரஸ், பி இல்லாமல் தனித்து வாழ முடியாதது. பி-யுடன் சேர்ந்தால் கல்லீரலை விரைவாக அழிக்கும்.

கேள்வி: ஹெபடைட்டிஸ் பி-க்கு நாற்பது ஆண்டுகளாகத் தடுப்பூசி இருக்கிறது. பிறகும் மரணங்களில் அதுவே முதலிடம் என்றால், தடுப்பூசி பயன்படவில்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. தடுப்பூசி யாரைக் காக்கிறது, மரணம் யாருக்கு நேர்கிறது என்பதைத் தனித்தனியே பார்த்தால் இந்த ஐயம் நீங்கிவிடும். பி வைரஸ் வயது வந்த ஒருவருக்குத் தொற்றினால் அது நாட்பட்ட நோயாக மாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றினாலோ, ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நிலைத்துவிடுகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குச் சென்று, நாற்பது ஐம்பது வயதில், தன்னைச் சார்ந்து ஒரு குடும்பம் வாழும் நேரத்தில், புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வருகிறது. இன்று இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் ஊரில் தடுப்பூசி வழக்கத்துக்கு வருமுன் பிறந்தவர்கள்.

தடுப்பூசியின் பயனை அறியத் தைவானைப் பார்க்கலாம். அங்கு 1984-இல் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் விரைவிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாயிற்று. 6 முதல் 14 வயது வரையிலானவர்களில் கல்லீரல் புற்றுநோய், 1981-86 காலத்தில் ஓர் இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது. 1990-94 காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. ஒரு தடுப்பூசியால் புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதற்கு உலகம் கண்ட முதல் சான்று அது. பெரியவர்களின் மரணக் கோட்டில் இப்பயன் முழுதாகத் தெரிய அந்தப் பிள்ளைகள் முதுமை அடையவேண்டும்.

தடுப்பூசியின் முதல் தவணையைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். ஆறு வாரம் கழித்துப் போடும் தவணைகள் பின்னாளில் வரும் தொற்றைத் தடுக்கும். பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து வந்துவிட்ட வைரஸைத் தடுக்காது. ஏற்கெனவே தொற்றியவர்களுக்குத் தடுப்பூசியால் பயன் இல்லை என்றாலும் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் உள்ளன. அவை வைரஸை அரிதாகவே முற்றிலும் நீக்குகின்றன. ஆனால் அடக்கி வைத்து, சிரோசிஸும் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. பலர் ஆண்டுக்கணக்கில் அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது ஆபத்து.

கேள்வி: இரண்டு நகரங்களின் ஹெபடைட்டிஸ் மரண எண்ணிக்கையை ஒப்பிட்டு, எது மோசம் என்று கூற முடியுமா?

பதில்: வெறும் எண்ணிக்கையைக் கொண்டு கூற முடியாது. மக்கள்தொகைக்கு ஏற்ற வீதம் வேண்டும். அதுவும் வயது சீரமைக்கப்பட்ட வீதமாக இருக்கவேண்டும். முதியோர் மிகுந்த நகரத்தில் இம்மரணங்கள் இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால், இரு நகரங்களுக்கும் ஒரே வயதமைப்பு இருந்தால் வீதம் என்னவாக இருக்கும் என்று கணக்கிட்ட பிறகே ஒப்பிடலாம். அடுத்து, இறப்பு எந்த இடத்துக் கணக்கில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். பெருநகரங்களில் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்யும் பெரிய மருத்துவமனைகள் இருப்பதால், வெளியூர் நோயாளிகள் கடைசிக் கட்டத்தில் அங்கே வந்து இறக்கிறார்கள். இறந்த இடத்தை வைத்து எண்ணினால் நகரத்தின் சுமை பெருகித் தெரியும்; வசித்த இடத்தை வைத்து எண்ணுவதே சரி.

நகரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, ஒரே நகரத்துக்குள் பகுதிகளை ஒப்பிடுவதில்தான் பயன் மிகுதி என்பது என் கருத்து. நகர சராசரி இறங்கும்போதும், வறுமை மிகுந்த பகுதிகளிலும், குடிபெயர்ந்து வந்தவர்கள் வாழும் பகுதிகளிலும், போதை ஊசிப் பழக்கமுள்ளவர்களிடையிலும், சிறை சென்று மீண்டவர்களிடையிலும் கோடு இறங்காமலே இருக்கலாம். மாத்திரை வந்ததும் அதை முதலில் பெறுபவர்கள் ஏற்கெனவே மருத்துவரோடு தொடர்பில் இருப்பவர்களே. சராசரி இறங்குவது நல்ல செய்திதான். அந்த இறக்கத்தில் யாருக்குப் பங்கில்லை என்று கேட்பது நம் கடமை. ஆனால் ஒரு பகுதியில் ஆண்டுக்கு நான்கைந்து மரணங்களே பதிவாகுமானால், ஓராண்டு ஏழாக உயர்வதும் மறு ஆண்டு மூன்றாகக் குறைவதும் தற்செயலாக இருக்கலாம். மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

கேள்வி: ஹெபடைட்டிஸ் சி-க்கு மாத்திரை எடுத்து முடித்துவிட்டேன், வைரஸ் இல்லை என்று கூறிவிட்டார்கள். ஆனால் வேறொரு பரிசோதனையில் மீண்டும் 'பாசிட்டிவ்' என்று வந்து என்னை நிலைகுலைய வைத்துவிட்டது.

பதில்: கலங்கவேண்டாம். நீங்கள் அனுப்பிய விவரப்படி இரண்டாவதாகச் செய்தது ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள் பரிசோதனை. வைரஸை ஒருமுறை சந்தித்த உடலில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். குணமானவருக்கும் அது 'பாசிட்டிவ்' என்றே வரும். இப்போது வைரஸ் உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் சொல்லும். சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பிறகு அதில் வைரஸ் தென்படவில்லை என்றால் நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள். ஆனால் சிகிச்சைக்கு முன்பே உங்களுக்குச் சிரோசிஸ் இருந்ததா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். இருந்திருந்தால், வைரஸ் போன பின்னும் புற்றுநோய் வாய்ப்பு குறையுமே தவிர முற்றிலும் நீங்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். மதுவை அறவே தவிருங்கள். குணமானவருக்கு மீண்டும் தொற்றாது என்ற பாதுகாப்பும் இல்லை.

கேள்வி: 2030-க்குள் இந்த நோயை ஒழித்துவிடுவோம் என்கிறார்கள். நடக்குமா? ஒரு நகரம் முதலில் எதைச் செய்யவேண்டும்?

பதில்: 2016-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற இலக்கு, 2015-ஐ அடிப்படையாகக் கொண்டு 2030-க்குள் புதிய தொற்றுகளை 90 விழுக்காடும் மரணங்களை 65 விழுக்காடும் குறைப்பது. ஆனால் உலக மரணங்கள் 2019-இல் 11 இலட்சமாக இருந்து 2022-இல் 13 இலட்சமாகிவிட்டன. உலகம் முழுவதற்குமாகப் பார்த்தால் இப்போதைய வேகம் போதாது.

போதாததன் காரணம் மருந்து இல்லாமை அன்று. 2022-இன் இறுதி நிலவரப்படி, ஹெபடைட்டிஸ் பி உடைய 25 கோடியே 40 இலட்சம் பேரில் 13 விழுக்காட்டினரே தமக்கு நோய் இருப்பதைப் பரிசோதனையால் அறிந்திருந்தனர்; சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு. ஹெபடைட்டிஸ் சி உடைய 5 கோடிப் பேரில் அறிந்தவர்கள் 36 விழுக்காடு. குணமாக்கும் மாத்திரையைப் பெற்றவர்கள் 20 விழுக்காடு. மற்றவர்கள் நம்மைப்போல் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டு, எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை தேடிக் கண்டுபிடிப்பது. எகிப்து இதைச் செய்து காட்டியது. 1960-கள் முதல் 1980-கள் வரை நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயான நத்தைக் காய்ச்சலுக்கான ஊசிகளைச் சரிவரத் தூய்மைப்படுத்தாமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால், அந்நாட்டில் ஹெபடைட்டிஸ் சி மிகப் பரவலாகியிருந்தது. 2018-19-இல் ஓராண்டுக்குள்ளாக ஏறத்தாழ 5 கோடிப் பேரைச் சோதித்து, தொற்றுள்ளவர்களுக்கு அரசே சிகிச்சையளித்தது. ஒழிப்பை நோக்கிய பாதையில் 'தங்க நிலை'யை எட்டிய முதல் நாடு என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது. மருத்துவத் தவறால் பரவிய நோயை அதே மருத்துவத் துறை பொறுப்பேற்றுத் தேடிச் சென்று நீக்கியது என்பதே இதில் என்னை மிகவும் நெகிழ வைப்பது.

நகரத்தைப் பொறுத்தவரை, வயது வந்த ஒவ்வொருவரையும் வாழ்நாளில் ஒருமுறையேனும் பி, சி இரண்டுக்கும் சோதிக்கலாம். வேறு காரணத்துக்காக எடுக்கும் ரத்தத்திலேயே இதையும் பார்த்துவிடலாம். சி-யின் எதிர்ப்பொருள் இருந்தால், ஆளை மீண்டும் அலையவிடாமல் அதே மாதிரியில் ஆர்.என்.ஏ. பரிசோதனையையும் முடித்துவிடலாம். முதல் பரிசோதனைக்கும் இரண்டாவதற்கும் இடையில்தான் பலர் கைநழுவிப் போகிறார்கள். பதிவேட்டு அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டறிக்கையில் ஹெபடைட்டிஸ் மரணங்களை வெளியிடும்போது, அடிப்படைக் காரணமாக வந்தவை, சான்றிதழில் வேறெங்கேனும் குறிக்கப்பட்டவை, கல்லீரல் புற்றுநோய் இறப்புகள், அந்த ஆண்டு புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள், சிகிச்சை பெற்றவர்கள் ஆகிய ஐந்தையும் ஒரே பக்கத்தில், இறந்தவர்களின் வயதோடு தாருங்கள்.